மூன்றாவது வருடம் ஏன் எல்லாம் நின்றுபோகிறது?

ஓமலூர் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறீர்கள். இரண்டு வருடம் முன்பு எல்லா வகுப்பறையிலும் ஸ்மார்ட் போர்டு மாட்டினார்கள், ஆன்லைன் பாடத் தளம் ஒன்றுக்குச் சந்தா கட்டினார்கள், முதல் வருடம் நன்றாக ஓடியது, இப்போது போர்டு மேல் துணி போட்டு மூடியிருக்கிறது. வருகிற ஜூனிலிருந்து நீங்கள்தான் பொறுப்பாளர், எந்த மென்பொருள் வாங்கினால் நீடித்து நிற்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் மென்பொருள் என்று இருந்தாலும் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். ஆசையாக ஆரம்பித்த ஒரு நல்ல காரியம் ஏன் மூன்றாவது வருடத்தில் படுத்துவிடுகிறது, கையில் அதிகாரமோ பணமோ இல்லாத ஒரு ஆசிரியர் அதைத் தூக்கி நிறுத்த என்ன செய்யலாம், இதுதானே? அதற்கே பதில் சொல்கிறேன். மென்பொருள் பெயர் போகிற போக்கில் வரும்.

நான் சேலத்தில் கலை அறிவியல் கல்லூரிகளில் 27 வருடம் புள்ளியியல் நடத்தியவள். அதில் 11 வருடம், இப்போது உங்களிடம் கொடுத்திருக்கிற இதே பொறுப்பு என்னிடம் இருந்தது. அறுபது எழுபது பேர் உட்காரும் வகுப்பு, அதில் பாதிப் பேர் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள், வீட்டில் ஒரே ஒரு போன், இதுதான் எனக்குப் பழக்கமான சூழல். நான் சொல்வது அதற்குப் பொருந்தும். பொறியியல் ஆய்வகத்துக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

இது உங்கள் கல்லூரிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்லூரி மாணவர்களுக்கான ஒளிபரப்பை ஆரம்பித்தது, நாடு முழுக்க ஒரே வகுப்பறை என்பது அதன் எண்ணம். 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் மேலே போனது, கல்லூரி மொட்டை மாடிகளில் டிஷ் ஏறியது. 2010-ல் செயற்கைக்கோளின் ஆயுள் முடிந்தது. 2011-ல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி, 2017 ஜூலையில் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம், 2020 மார்ச்சில் கல்லூரி மூடியதும் ஆளாளுக்கு கூகுள் மீட். ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில்தான் வந்தது. ஆனால் 2003-ல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்ஸியும் சேர்ந்து ஆரம்பித்த என்பிடெல் என்ற வீடியோ பாடத் திட்டம் இருபது வருடம் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறதே, அது ஏன் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதற்கென்று முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள், வாராவாரம் அசைன்மென்ட் வருகிறது, 2014-லிருந்து நேரில் உட்கார்ந்து எழுதும் தேர்வும் சான்றிதழும் இருக்கின்றன. ஆளும் தேர்வும் இருந்தன, அதனால் வீடியோவும் உயிரோடு இருந்தது. நம் கல்லூரிகளில் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம்.

நம் பக்கம் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், உங்கள் கதையோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். முதல் வருடம் குத்துவிளக்கு ஏற்றித் திறப்பு விழா, கம்பெனிக்காரர் வந்து இரண்டு நாள் பயிற்சி, அந்த வருடம் கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருவதாக இருந்தால் இன்னும் வேகம். இரண்டாம் வருடம் ஆர்வமுள்ள ஒருவரோ இருவரோ எல்லாருடைய வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறார்கள். மூன்றாவது வருடம் வாரன்டி முடிகிறது, நாக் குழு வந்து போயிருக்கும், அந்த ஒருவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிடும், பாஸ்வேர்டு எல்லாம் அவரோடு போய்விடும். எனக்கே நடந்தது இது. ஒரு பாடத் தளத்தை நம்பி, எங்கள் துறையில் ஆறு பேர் சேர்ந்து மூன்று வருடத்தில் 1,400 கேள்விகள் ஏற்றியிருந்தோம். நாலாவது வருடம் சந்தா மூன்று மடங்கு என்றார்கள், நிர்வாகம் கட்ட முடியாது என்றது, சரி, எங்கள் கேள்விகளையாவது கொடுங்கள் என்று கேட்டால் அந்தத் தளத்தில் கேள்விகளை வெளியே எடுக்க வழியே வைக்கவில்லை. மே மாத விடுமுறையில், மின்விசிறி சுடுகாற்றை இறைக்க, திரையைப் பார்த்துப் பார்த்துக் கையால் நோட்டில் எழுதினோம். 600 கேள்வி வரை வந்தது, அதற்குள் சந்தா முடிந்து கதவு சாத்திவிட்டது. மீதி 800 கேள்வி போனது போனதுதான்.

அப்புறம் நேரக் கணக்கு. 2018 மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. உங்களுக்கு எத்தனை என்று எனக்குத் தெரியாது, ஆனால் சுயநிதிக் கல்லூரியில் 20-க்குக் குறைவாக இருப்பவரை நான் பார்த்தது அபூர்வம், அதோடு இன்விஜிலேஷன், அட்மிஷனுக்காகப் பள்ளிப் பள்ளியாகப் போவது, இன்டர்னல் மார்க் ஏற்றுவது என்று அது தனி. இதற்கு மேல் ஒரு பத்து நிமிடப் பாடப் பதிவு நல்லபடியாகச் செய்ய, முதல் தடவை எனக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. பழகின பிறகும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? ராத்திரி பத்து மணிக்கு மேல், வீட்டு வேலை முடிந்த பிறகு. ஒருவர் இதை ஒரு வருடம் செய்வார், நிறைய மனசு இருந்தால் இரண்டு வருடம். டைம்டேபிளில் இடம் கிடைக்காத எதுவும் அதற்கு மேல் தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை. மென்பொருள் வாங்கும் பணத்தில் பாதியை வைத்துக்கொண்டு, பொறுப்பாளருக்கு வாரம் இரண்டு மணி நேரம் வகுப்பைக் குறையுங்கள் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

இனி உறுதியாகத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பார்க்கலாம். மாணவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதைவிட வகுப்பிலேயே யோசித்து, பேசி, தப்புச் செய்து திருத்திக்கொள்ளும்போது அதிகம் கற்கிறார்கள் என்பது கிட்டத்தட்ட முடிந்துபோன விஷயம். 2014-ல் ஸ்காட் ஃப்ரீமனும் அவரது சகாக்களும் கல்லூரி அறிவியல், கணிதம், பொறியியல் வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை வகுப்பில் தோற்றவர்கள் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களை வேலை வாங்கிய வகுப்பில் 21.8 சதவீதம். இந்த ஆய்வுகள் அறிவியல் பக்கத்தவை, வணிகவியலுக்கும் வரலாற்றுக்கும் இதே எண்ணிக்கை வரும் என்று சொல்ல முடியாது, திசை மட்டும் மாறாது என்பது என் அனுபவம். கவனியுங்கள், இதில் மின்சாரம் தேவைப்படும் பொருள் எதுவும் கட்டாயமில்லை. கருவி எது என்பதைவிட அதை வைத்து மாணவன் என்ன செய்கிறான் என்பதுதான் முக்கியம் என்று ரிச்சர்ட் கிளார்க் 1983-லேயே வாதிட்டார். அதை மறுத்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் நாற்பது வருடம் கழித்தும் அந்த வாதத்தை யாரும் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை.

என் வகுப்பில் நின்று நிலைத்த ஒன்றைச் சொல்கிறேன். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை அது. பாடத்தின் நடுவில் ஒரு கேள்வி, நாலு விடை, எல்லாரும் தனித்தனியாக வாக்களிக்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், திரும்ப ஒரு வாக்கு. அங்கே அதற்கு மின்னணுப் பொத்தான்கள் வந்தன. எங்களிடம் சார்ட் பேப்பர்தான் இருந்தது, நாலு கலரில் வெட்டி ஆளுக்கு நாலு அட்டை கொடுத்தேன். சராசரி, இடைநிலை (வரிசையாக வைத்தால் நடுவில் நிற்கும் எண்) நடத்தும் அன்று போர்டில் இப்படி எழுதுவேன்: ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் நாலு பேருக்கு நாள் வருமானம் 400, 450, 500, 550 ரூபாய், முதலாளிக்கு 5,000. முதலாளியின் வருமானம் மட்டும் 10,000 ஆனால் எது மாறும்? சராசரி மட்டும், இடைநிலை மட்டும், இரண்டும், இரண்டும் மாறாது. முதல் தடவை வகுப்பு முழுக்க மஞ்சள் அட்டை, அதாவது இரண்டும் மாறும். "பக்கத்துல பேசுங்க, ரெண்டு நிமிஷம்" என்பேன். அந்த இரண்டு நிமிடம் வகுப்பில் சந்தை மாதிரி இரைச்சல், முழுக்கத் தமிழில்தான் பேசுவார்கள். ஒரு தடவை சிவதாபுரத்திலிருந்து வந்த பையன், நிஜமாகவே காலையில் பட்டறையில் வேலை செய்துவிட்டு வருபவன், பக்கத்துப் பையனிடம், "ஓனருக்கு ஏத்துனா நடுவுல நிக்கிறவனுக்கு என்னடா வந்துச்சு? அவனுக்கு அதே ஐந்நூறுதான்" என்றான். இரண்டாவது வாக்கில் முக்கால்வாசி சிவப்பு, அதாவது சராசரி மட்டும். சராசரி 1,380-லிருந்து 2,380 ஆனது, இடைநிலை 500-லேயே நின்றது என்று போர்டில் நான் போட்டுக் காட்டியபோது யாருக்கும் அது புதுசாக இல்லை.

இதில் தொழில்நுட்பம் பிறகுதான் வந்தது. பிளிக்கர்ஸ் என்ற செயலி, ஆளுக்கு ஒரு காகித அட்டை, அதைத் திருப்பிப் பிடிக்கிற திசையை வைத்து விடை. ஆசிரியர் போன் கேமராவை வகுப்பு மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். மாணவரிடம் போனோ இணையமோ தேவையில்லை. அது எங்களுக்குப் பொருந்தியதற்குக் காரணம், அட்டை தூக்கும் பழக்கம் ஏற்கெனவே இரண்டு வருடமாக வகுப்பில் இருந்தது, செயலி வந்து என் எண்ணும் வேலையைக் குறைத்தது, அவ்வளவுதான். நாளைக்கே அந்தச் செயலி நின்றுபோனாலும் கலர் அட்டை இருக்கிறது. நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பொருள் நின்றால் வகுப்பு நிற்குமா? நிற்கும் என்றால் வேண்டாம். அனிமேஷன்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் 2020 டிசம்பரோடு முடிந்தபோது எத்தனை பாட அனிமேஷன்கள் ஒரே ராத்திரியில் செத்தன என்று யோசித்துப் பாருங்கள். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் கிடைத்த கூகுள் சேமிப்பிடத்துக்கு 2022 ஜூலையிலிருந்து நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டிபி என்று வரம்பு வந்தது. இலவசமாகக் கொடுப்பவர் நிபந்தனையை மாற்றுவது அவர் உரிமை, அதனால் நம் சரக்கின் ஒரு பிரதி நம் கையில், எதிலும் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பாக இருக்க வேண்டும். தளம் வேண்டும் என்றால் 2002-லிருந்து இருக்கும் மூடில் போதும், திறந்த மூலம், கேள்விகளை வெளியே எடுக்கலாம். ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள கணினி அறிவியல் துறையில் ஒருவருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்காமல் அதையும் தொடாதீர்கள்.

இன்னொன்று எனக்கு ஒரு மாணவி கற்றுக்கொடுத்தது. 2020 ஆகஸ்ட்டில் நான் தினமும் வீடியோ வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன், நன்றாகத்தான் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏற்காட்டில் நாகலூருக்கு அப்பால் காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் குடும்பம் அவளுடையது. அப்பா சாயங்காலம் வேலை முடித்து வந்தால்தான் போன், அதை எடுத்துக்கொண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மேலே ஒரு பாறைக்கு ஏறினால்தான் சிக்னல். அங்கிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள், பின்னால் காற்று இரைகிறது: "மேடம், வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது. நீங்க பேசுறதை மட்டும் அனுப்புங்க. கணக்கை நோட்டுல போட்டு போட்டோ எடுத்து அனுப்பிடுங்க. நான் ரெண்டையும் வெச்சுப் படிச்சுக்குறேன்." அன்று ராத்திரியே எட்டு நிமிடக் குரல் பதிவும் ஒரு பக்கப் போட்டோவும் அனுப்பினேன், "இப்போ மூணாவது வரியைப் பாரும்மா" என்று சொல்லிச் சொல்லி. இரண்டு மூன்று எம்பிக்குள் முடிந்தது, என் ஒரு மணி நேர வீடியோ பல நூறு எம்பி. 2021 ஜனவரியில் அரசு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கொடுத்தது, பெரிய உதவி அது, ஆனால் அந்தப் பாறைக்குக் கீழே டவரே கிடையாதே. அவளுக்காக ஆரம்பித்ததை வகுப்பு முழுக்கக் கேட்க ஆரம்பித்தது. கல்லூரி திறந்த பிறகும் நிற்கவில்லை. ஆத்தூர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் வருபவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் துறையில் அது நடக்கிறது, ஒவ்வொரு அலகுக்கும் அலகு எண் போட்ட குரல் பதிவும் பக்கமும் துறைக் கணினியில் இருக்கின்றன, புதிதாக வரும் கௌரவ விரிவுரையாளர்கூட முதல் நாளே எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதுவது சுலபம், நடத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. நம் கல்லூரிகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அது நம் கையில் இல்லை. அதனால் எதையும் ஒற்றை ஆளாக ஆரம்பிக்காதீர்கள், உங்கள் துறையில் ஒரே பாடத்தை இரண்டு பிரிவுக்கு நடத்தும் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு துறையின் மின்னஞ்சலில் இருக்கட்டும், உங்கள் சொந்த ஜிமெயிலில் வேண்டாம். அட்டைக் கேள்விகளில் இருந்து இரண்டாவது இன்டர்னல் தேர்வில் சில மதிப்பெண்ணுக்காவது கேளுங்கள். தேர்வுக்கு வராததை மாணவர் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வார், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகத் தேர்வு நம் கையில் இல்லை, இன்டர்னல் ஓரளவு இருக்கிறது. உங்கள் எச்ஓடி ஆர்வம் காட்டாவிட்டாலும் பரவாயில்லை, தடுக்காமல் இருந்தால் போதும், ஒரு பருவம் கழித்து அரியர் பட்டியலை அவர் முன் வையுங்கள்.

நிச்சயமில்லாதவை என்று நான் நினைப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் போர்டால் கற்றல் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். அதைப் பெரிய திரையாக மட்டும் பயன்படுத்தியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், டேலி என்ற கணக்கு மென்பொருள் மாதிரி ஒன்றைச் செய்து காட்ட அது நல்ல வசதி, துணியை எடுத்துவிடுங்கள். முழு விரிவுரையைப் பதிவுசெய்து போடுவது, நன்றாகப் படிப்பவருக்கு உதவுகிறது, பின்தங்கியவர் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வகுப்பை விட்டுவிடுகிறார் என்பது என் சந்தேகம், இதை நான் அளந்து பார்க்கவில்லை. ஸ்வயம் பாடங்களை ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று 2021-ல் விதி வந்தது, ஆனால் கூடவே உட்கார்ந்து சந்தேகம் தீர்க்க ஒரு ஆசிரியரைப் போடாமல் நம் முதலாண்டு மாணவர்களை அதில் தள்ளினால் பாதி வழியில் இறங்கிவிடுவார்கள், நான் இரண்டு தொகுதிகளில் பார்த்தேன். சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது, வீட்டில் எழுதி வரும் அசைன்மென்ட்டுக்கு இருந்த மதிப்பு அதோடு போனது, நான் அசைன்மென்ட்டை வாங்கிக்கொண்டு ஆளுக்கு மூன்று நிமிடம் வாய்மொழியாகக் கேட்டேன். 60 பேருக்கு மூன்று மணி நேரம் ஆனது, நன்றாக வேலை செய்தது, ஆனால் உங்கள் வொர்க்லோடில் இது முடியுமா என்பதுதான் கேள்வி. செயற்கை நுண்ணறிவைச் சுற்றி இப்போதைக்குத் திட்டம் எதையும் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன், வருடா வருடம் மாறுகிற ஒன்றின் மேல் உங்கள் மூன்று வருட உழைப்பை வைக்காதீர்கள்.

ஜூன் வருவதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். முதலாண்டு நிதிக் கணக்கியலில் மாணவர்கள் வருடா வருடம் தடுக்கி விழும் பத்து இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி எழுதுங்கள். தப்பு விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தைக் காட்ட வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு லட்ச ரூபாய் இயந்திரம், குறைந்துசெல் மதிப்பு முறையில் (மீதி மதிப்பின் மேல்) 10 சதவீதம், இரண்டாம் வருடத் தேய்மானம் எவ்வளவு? 9,000 சரி. 10,000 என்பவர் வருடா வருடம் ஒரே தொகை கழிக்கும் நேர்கோட்டு முறையோடு குழப்புகிறார், 8,100 என்பவர் ஒரு வருடம் தள்ளி எண்ணுகிறார், 19,000 என்பவர் இரண்டு வருடத்தையும் கூட்டிவிட்டார். எந்தக் கலர் அதிகம் வந்தது என்று பார்த்தாலே அடுத்த பத்து நிமிடம் என்ன நடத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். டைம்டேபிள் போடும் வாரத்துக்கு முந்தின வாரம், அந்தப் பத்துக் கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் கேளுங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள். எழுதியதும் இங்கேயே போடுங்கள், கணக்கு சம்பந்தப்பட்டவற்றை நான் பார்த்துச் சொல்கிறேன். கம்பெனிச் சட்டம், வரி பக்கம் என் பார்வை போதாது, அதை உங்கள் துறை மூத்தவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.